கண்ணுக்குத் தெரியாத சாணை

கோயம்புத்தூரில் டூல் ரீகிரைண்டிங், அதாவது மழுங்கிய வெட்டும் டூல்களைத் தீட்டித் தரும் தொழிலில் எனக்கு இது 23-வது வருடம். ஹெச்.எஸ்.எஸ். என்ற ஸ்டீலில் செய்த டிரில் பிட்டில் ஆரம்பித்து, அதைவிடக் கடினமான டங்ஸ்டன் கார்பைடில் செய்த எண்ட்மில் கட்டருக்கு வந்து, இப்போது பாதி வேலை வைர முனை வைத்த பி.சி.டி. கட்டர்கள்தான். கொஞ்ச வருடங்களாக, சாணை வீலுக்குப் பதில் லேசரில் தீட்டும் மிஷினைப் பற்றிக் கடைக்கு வரும் ஓனர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "லேசர் போட்டுட்டா தூசி இல்லீங்க, கூலண்ட் நாத்தம் இல்லீங்க, சத்தமும் இல்ல. ஏசி ரூம்ல வெச்சு ஓட்டிக்கலாம்."

சத்தம் குறைவு என்பது உண்மை. சாணையில் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்ட் இல்லை என்பதும் உண்மை. தூசி மட்டும் எங்கும் போகவில்லை. கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாகிக் காற்றில் நிற்கிறது. அந்த மிஷினுக்குள் ஓடும் வெளிச்சமும் கண்ணுக்குத் தெரியாது. சத்தமும் நாற்றமும் இருந்தவரை ஆட்கள் தாமாகவே கொஞ்சம் தள்ளி நின்றார்கள். இப்போது யாரும் தள்ளி நிற்பதில்லை. அந்தக் கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் லேசர் ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பி.சி.டி. என்பது வைரப் பொடியைக் கோபால்டின் துணையோடு, 1,400 டிகிரி சூட்டிலும் காற்றழுத்தத்தைப்போல ஐம்பதாயிரம் மடங்கு அழுத்தத்திலும் வைத்து, கார்பைடு வட்டின்மேல் ஒரே கட்டியாக்கியது. மேலே இருக்கும் வைர அடுக்கின் கனம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்தான். அதைத் துண்டு போட்டு டூல் பாடியில் பிரேஸ் செய்கிறோம், அதாவது சில்வர் ராடை உருக்கி ஒட்டுகிறோம். கார்பைடின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,500, 1,800 என்று நிற்கும், பி.சி.டி. 5,000-ஐத் தாண்டிவிடும். பிஸ்டன், கியர்பாக்ஸ் கேசிங் போன்ற அலுமினிய வார்ப்புகளில் சிலிக்கான் மணல்போல் கலந்திருக்கும். கார்பைடு முனையை அது அரித்துத் தின்றுவிடும். பி.சி.டி. அசராது. இரும்பு ஜாபுக்கு மட்டும் அதைக் கொண்டுபோகக் கூடாது. சூட்டில் இரும்பு வைரத்தின் கரியை உறிஞ்சிவிடும். கடினமாக்கிய ஸ்டீலுக்கு பி.சி.பி.என். என்று வேறு சரக்கு இருக்கிறது.

இப்படிப்பட்ட முனை மழுங்கினால் எதை வைத்துத் தீட்டுவது? வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்பார்கள். அறுக்கலாம், ஆனால் பி.சி.டி. கிரைண்டர் முன்னால் நின்றவர்களுக்குத் தெரியும், டூலைவிட வீல்தான் வேகமாகத் தேயும். அழுத்திப் பிடித்தால் விளிம்பிலிருந்து வைர மணிகள் பெயர்ந்து வரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். கம்பியில் மின்பொறி விட்டு அரித்து வெட்டும் வயர் ஈ.டி.எம். ஒரு வழி. உள்ளே இருக்கும் கோபால்டு மின்சாரத்தைக் கடத்துவதால் அது வேலை செய்கிறது. ஆனால் வாயுவிலிருந்து படியவைத்து வளர்க்கும் சி.வி.டி. வைரத்தில் கோபால்டே கிடையாது. சாதாரண சி.வி.டி. வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அங்கே ஈ.டி.எம். கையை விரித்துவிடும்.

லேசருக்கு இந்தச் சிக்கல் இல்லை. சொல்லப்போனால் வைரமும் லேசரும் பழைய சிநேகிதர்கள். 1960-ல் தியோடர் மெய்மன் முதல் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். ஐந்தே வருடத்தில், 1965-ல், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் கம்பி இழுக்கும் வைர டைகளில் துளை போட லேசரைப் பயன்படுத்திவிட்டது. லேசரைத் தொடர்ச்சியாக விடாமல் துடிப்புத் துடிப்பாக அடிக்கிறோம். இன்றைக்கு மாறியிருப்பது அந்தத் துடிப்பின் நேரம். வைரம் சாதாரணக் காற்றழுத்தத்தில் உருகாது. சூடேறினால் கிராஃபைட்டாக, அதாவது பென்சில் கரியாக மாறும், அப்புறம் ஆவியாகும். பக்கத்தில் கோபால்டு இருந்தால் அந்த மாற்றம் இன்னும் குறைந்த சூட்டிலேயே, 700 டிகிரி அளவிலேயே, ஆரம்பித்துவிடும். நானோ வினாடி, அதாவது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத் துடிப்பில், சூடு பக்கத்து மணிகளுக்கும் பரவ நேரம் இருக்கிறது, அதனால் விளிம்பில் மெல்லிய கறுப்புப் படலம் தங்கும். பிக்கோ வினாடி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஃபெம்டோ அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு; அந்தத் துடிப்பில் அடி விழுந்த இடம் சூடு பரவும் முன்பே கிளம்பிவிடும். மணி பெயராது, குறுக்கே வெட்டுப்பட்டு நேர்க்கோடாக நிற்கும். இப்படிக் குட்டித் துடிப்புகளைச் சக்தியோடு உண்டாக்கும் வழியை 1985-ல் கண்டுபிடித்த டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கும் ஜெரார்ட் மூருவுக்கும் 2018-ல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் எவாக், ரோலோமேட்டிக் போன்ற நிறுவனங்கள் இந்தத் துடிப்புகளை வைத்து டூல் செய்யும் மிஷின்களைக் கொண்டுவந்தன.

நான் லேசருக்கு எதிரி இல்லை. மைக்ரோஸ்கோப்பில் முதல் முறை அந்த எட்ஜைப் பார்த்தபோது ஒரு நிமிடம் பேசாமல் நின்றேன். டூல் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்: ஃபினிஷ் கெட ஆரம்பித்ததும் டூலைக் கழற்றி அனுப்புங்கள். தேய்மானம் 0.1 மில்லிமீட்டரில் வந்தால் அதே முனையை மீண்டும் மீண்டும் தீட்டலாம். உடையும்வரை ஓட்டினால் முனையையே மாற்ற வேண்டியிருக்கும்.

சரி, வெளிச்சம். இந்தத் தொழிலில் அதிகம் புழங்குவது 1,064 நானோமீட்டர் அலைநீளம், அல்லது அதை ஒட்டியது. மனிதக் கண் 700-ஐத் தாண்டினால் எதையும் பார்க்காது. ஆனால் பார்க்காது என்பதற்காக உள்ளே விடாமல் இருப்பதில்லை. 400 முதல் 1,400 நானோமீட்டர் வரை எந்த வெளிச்சம் வந்தாலும் கண்ணின் லென்ஸ் அதை வாங்கி விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். அந்தக் குவிப்பில் உக்கிரம் ஒரு லட்சம் மடங்கு கூடும். வெல்டிங் வெளிச்சம் பட்டால் இமை தானாக மூடும். இங்கே தெரிவதே இல்லை, இமை எதற்கு மூடும்? விழித்திரையில் வலி உணரும் நரம்பும் கிடையாது.

ஆறு வருடம் முன்பு ஒரு ஷாப்புக்கு செட்டிங்கில் உதவப் போயிருந்தேன். மிஷின் நன்றாக மூடிய மிஷின். கதவைத் திறந்தால் லேசர் தானாக நின்றுவிடும் இன்டர்லாக் உண்டு. ஆனால் கதவு மூடியிருப்பதாக அந்த ஸ்விட்ச் நினைத்துக்கொள்ளும்படி, அதன்மேல் ஒரு காந்தத்தை வைத்து டேப் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கதவை மூடித் திறந்தால் செட்டிங்குக்கு நேரம் ஆகிறதாம். "டெலிவரி அவசரம், செட்டிங் முடிஞ்சதும் எடுத்துடுவோம்" என்றார்கள். அந்த டேப்பின் மேல் படிந்திருந்த அழுக்கைப் பார்த்தாலே அது எத்தனை மாதமாக இருக்கிறது என்று தெரிந்தது. நான் சொன்னேன், அவர்கள் தலையாட்டினார்கள், நான் கிளம்பி வந்துவிட்டேன். அன்றைக்கே நின்று அதைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அங்கிருந்த ஆபரேட்டர் தம்பி ஒருவர் போன் செய்தார். இருபத்து நான்கு வயது இருக்கும். இடது கண்ணால் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி நிற்கிறதாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோகஸ் பார்த்திருக்கிறார். சிவப்புப் புள்ளி டூலின் மேல் சரியாக நின்றிருக்கிறது. கட்டரின் பளபளப்பான பக்கத்தில் பட்டுத் திரும்பியது அவருக்குத் தெரியவே இல்லை. "வலிக்கவே இல்லீங்கண்ணா. தூங்கி எந்திரிச்சா போயிரும்னு விட்டுட்டேன்" என்றார். திட்டுவார்களோ என்று பயந்து ஷாப்பில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது லேசர் எங்கே விழும் என்று வழிகாட்டும் சின்ன விளக்கு, அவ்வளவுதான். வெட்டுகிற லேசர் அதே பாதையில் தெரியாமல் வருகிறது. வெட்டும்போது தெரியும் வெள்ளை ஊதா மினுக்கு, பொருள் ஆவியாகும்போது வரும் பொறி. பலர் சிவப்பைத்தான் லேசர் என்று நினைத்து, அது கண்ணில் படாதவரை பாதுகாப்பு என்று நம்புகிறார்கள்.

பெரிய டூல் மிஷினில் கதவாவது இருக்கிறது. எனக்கு அதைவிடப் பயம் தருவது மேஜைமேல் வைக்கும் ஃபைபர் லேசர் மார்க்கிங் மிஷின்கள். டூல் நம்பர் போட, லோகோ போட என்று இன்று சின்னச் சின்ன ஷாப்பிலும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவை சுற்றிலும் திறந்தவை. 20 வாட், 30 வாட் என்றால் கேட்பதற்குக் குண்டு பல்பு கணக்குபோல் இருக்கும். ஆனால் அரை வாட்டைத் தாண்டினாலே ஆபத்துக் கணக்கில் அது நான்காம் வகுப்பு, லேசரில் அதற்குமேல் வகுப்பே இல்லை. மூடிய பெட்டியும் கதவு இன்டர்லாக்கும் சரியாக இருந்தால் அதே லேசர் முதல் வகுப்பு மிஷினாகிவிடும், கண்ணாடிகூட வேண்டாம். ஒரு காந்தமும் டேப்பும் அதைத் திரும்ப நான்காம் வகுப்பாக்கிவிடுகின்றன. அந்த மார்க்கிங் மிஷின் பக்கத்தில்தான் ஹெல்ப்பர் பையன் நின்று டீ குடிக்கிறான்.

கண்ணாடி விஷயத்திலும் ஏமாறுகிறார்கள். வெள்ளை பாலிகார்பனேட் சேஃப்டி கண்ணாடி சிப் தெறித்தால் காக்கும், வேறு அலைநீளத்தில் ஓடும் சி.ஓ.2 லேசரைக்கூட ஓரளவு நிறுத்தும். 1,064 நானோமீட்டர் வெளிச்சத்தை ஜன்னல்போல விட்டுவிடும். பச்சையாக இருக்கிறதா, ஆரஞ்சாக இருக்கிறதா என்று நிறத்தைப் பார்க்காதீர்கள். கண்ணாடியிலேயே எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு ஓ.டி. (வெளிச்சத்தைத் தடுக்கும் அளவு) என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். எதுவும் அச்சிடாத கண்ணாடியை லேசர் கண்ணாடி என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். 1948-ல் எழுதிய தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 35-வது பிரிவில், அளவுக்கு மீறிய வெளிச்சத்திலிருந்து தொழிலாளியின் கண்ணைக் காக்க வேண்டும் என்று இருந்தது. லேசரே பிறக்காத காலம் அது.

ஃபெம்டோ மிஷின் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். மிகக் குறுகிய துடிப்பை மிகச் சிறிய புள்ளியில் குவித்து டங்ஸ்டன் போன்ற கன உலோகத்தில் அடித்தால் கொஞ்சம் எக்ஸ்ரேயும் பிறக்கிறது. ஜெர்மனியின் பி.டி.பி. அளவியல் நிறுவனம் இதை அளந்து சொன்னது. அங்கே கதிர்வீச்சுச் சட்டத்திலும் இதைச் சேர்த்துவிட்டார்கள். மிஷினின் உறையை நாமாக வெட்டி ஜன்னல் வைக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

அப்புறம் புகை. லேசர் பி.சி.டி.-யை ஆவியாக்கும்போது வைரம் மட்டும் போவதில்லை. கோபால்டும், அடியில் இருக்கும் டங்ஸ்டன் கார்பைடும் சேர்ந்துதான் போகின்றன. ஆவி குளிர்ந்து துகளாகும்போது பல துகள்கள் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இவ்வளவு பொடியானது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போகும். கார்பைடு கிரைண்டிங் செய்தவர்களுக்கு வரும் ஹார்டு மெட்டல் நுரையீரல் நோய் மருத்துவ உலகில் பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். நுரையீரல் தழும்பேறி இறுகும். படி ஏறினால் மூச்சு வாங்கும். வறட்டு இருமல் விடாது. நம் ஊரில் இதைப் பலர் ஆஸ்துமா என்று நினைத்துக்கொண்டு மருந்து சாப்பிடுகிறார்கள். டங்ஸ்டன் கார்பைடோடு சேர்ந்த கோபால்டை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-லேயே வகைப்படுத்திவிட்டது. டாக்டரிடம் போனால் "கார்பைடு சாணை பிடிக்கிறேன், கோபால்டு தூசி" என்று நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மிஷினில் சக்‌ஷன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதன் ஃபில்டர் எந்தத் தரம் என்று கேளுங்கள். ஹெச்13 ரகம் நூற்றுக்கு 99.95 பங்கைப் பிடிக்கும், ஹெச்14 அதற்கும் மேல். சாதாரணத் துணிப் பையில் இந்தப் பொடி நிற்காது, பின்பக்கமாக ஏசி ரூமுக்கே திரும்பி வரும். ஏசி அதையே சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் கொடுக்கும். ஃபில்டர் மாற்றுவதை யார் தலையில் கட்டுகிறோம் என்றும் யோசியுங்கள். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பையன் தலையில்தான். அவன் அதை வாசலுக்குக் கொண்டுபோய்த் தட்டுவான். தட்டக் கூடாது. முகக் கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அப்படியே பையில் போட்டுக் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கெட்ட பழக்கம் ஏர் கன். ஷிப்ட் முடிந்ததும் மிஷின் உள்ளே ஏர் அடிப்பது நம் ஷாப்புகளில் ரத்தத்தில் ஊறிய பழக்கம். என் கடையிலும் இருந்தது. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் லேசர் ரூமுக்குப் போகும் ஏர் லைனையே கழற்றி முனையை அடைத்துவிட்டேன். மிஷினுக்கு உள்ளே தேவையான ஏர் மட்டும் தனி லைனில் போகிறது. இப்போது ஈரத் துணியால்தான் துடைக்கிறார்கள், ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகிறது.

லேசர் இல்லாவிட்டாலும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய முனையைக் கழற்றிப் புது முனை பிரேஸ் செய்பவர்கள் சில்வர் ராடு வாங்கும்போது கேட்மியம் இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள். கேட்மியம் 767 டிகிரியில் கொதித்துவிடும். அந்தப் புகையை நன்றாக இழுத்தால் அன்று மாலை சளிக்காய்ச்சல் மாதிரி இருக்கும். இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தத் தம்பியோடு கண் மருத்துவமனைக்கு நானும் போனேன். விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் முதலில் கேட்டது, "இதுக்கு முன்னாடி எடுத்த படம் ஏதாவது இருக்கா?" என்றுதான். நடுவில் தெரிந்த தழும்பு புதிதா, பழையதா, நாளாக நாளாக மாறுகிறதா என்று ஒப்பிட அது வேண்டுமாம். எங்களிடம் இல்லை. தழும்பை ஆற்ற மருந்து இல்லை என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். அதன்பிறகு என் கடையில் லேசர் பக்கம் வைக்கும் ஆளை, வேலையில் சேரும் வாரத்திலேயே கண் டாக்டரிடம் அனுப்பி, இரண்டு விழித்திரையையும் படம் எடுத்து ஃபைலில் வைக்கிறேன்.