தண்ணீரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்

வெளிநாட்டில் ஹோட்டலில் தங்காமல், அடுப்பும் பிரிட்ஜும் உள்ள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து நாமே சமைத்துச் சாப்பிடுவது என்று முடிவாகிவிட்டால், அடுத்த கேள்வி பெட்டியைப் பற்றியது. எதைக் கொண்டுபோகலாம், எது வழியில் கெட்டுப்போகும், எதை விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்? கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். அந்தப் பட்டியல்களில் வரும் ‘ஆகும்’, ‘ஆகாது’ பலவற்றுக்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த உணவில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது.

முதலில் எடை. காய்கறிகளில் பெரும்பாலானவற்றில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சோற்றில் ஏறக்குறைய 70 சதவீதம். அதே அரிசி வேகாமல் இருக்கும்போது 12 சதவீதம் பக்கம். பாலில் 87 சதவீதம் தண்ணீர். அதைப் பவுடராக்கினால் மிஞ்சுவது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஈரம்தான். ஒரு கிலோ பவுடரில் ஏழெட்டு லிட்டர் பால் கரைத்துக்கொள்ளலாம். எடைக்கு வரம்பு வைத்திருக்கும் பெட்டியில் தண்ணீரை ஏற்றுவது வீண் சுமை. போகிற வீட்டிலும் குழாயைத் திறந்தால் அது வரும்.

கெட்டுப்போவதற்கும் தண்ணீர்தான் காரணம். ஆனால் இங்கே வெறும் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ரொட்டியையும் ஜாமையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலுமே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின் தண்ணீர் இருக்கிறது. ரொட்டியில் நாலைந்து நாளில் பச்சைப் பூஞ்சை பூத்துவிடுகிறது. ஜாம் மாதக்கணக்கில் அப்படியே இருக்கிறது. ஜாமில் உள்ள தண்ணீர் மூலக்கூறுகளைச் சர்க்கரை பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். தண்ணீர் இருந்தும் பாக்டீரியாவுக்கு அது கைக்கு எட்டாது. அதுமட்டுமில்லை, அப்படிப்பட்ட செறிவான கரைசலில் விழும் நுண்ணுயிரியின் உடலுக்குள் இருக்கும் தண்ணீரே சவ்வைத் தாண்டி வெளியே இழுக்கப்பட்டுவிடும். உப்பு போடுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

கைக்கு எட்டும் இந்தத் தண்ணீரை உணவு விஞ்ஞானிகள் ‘நீர்ச் செயல்பாடு’ என்று அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. பச்சை இறைச்சிக்கு 0.99, ரொட்டிக்கு 0.95 பக்கம், ஜாமுக்கு ஏறத்தாழ 0.8. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. கொஞ்சம் பிடிவாதமான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சைகள் இன்னும் கீழே போகும். 0.6-க்குக் கீழே எந்த நுண்ணுயிரியும் பெருகாது. பால் பவுடர், பிஸ்கட், உலர்ந்த பருப்பு எல்லாம் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. சாகாவிட்டாலும் பெருகாது, பயணத்துக்கு அது போதும்.

இந்தப் பாதுகாப்பு நிலைக்க வேண்டுமென்றால் வெளியிலிருந்தும் ஈரம் உள்ளே வரக் கூடாது. பிரித்த பவுடர் பாக்கெட்டை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுபோனால், ஈரக் காற்றுள்ள ஊரில் இரண்டே நாளில் அது கட்டி தட்டிவிடும். திருகு மூடி போட்ட டப்பா நல்லது.

சரி, சமைத்த சாப்பாட்டையே கட்டிக்கொண்டு போனால் என்ன? அங்கே போய்ச் சூடுபண்ணிச் சாப்பிட்டால் கிருமி செத்துவிடாதா? இந்த நம்பிக்கைதான் பலரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறது. 5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை உள்ள இடைவெளியில் பாக்டீரியாக்கள் பெருகும். தோதான சூட்டில் அவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். வீட்டு வாசலிலிருந்து வாடகை வீட்டு பிரிட்ஜ் வரை எட்டு மணி நேரம் என்று வைத்தால் 24 முறை இரட்டிப்பு. ஒரே ஒரு பாக்டீரியா 1 கோடியே 67 லட்சமாகிவிடும். அவற்றைச் சூடு கொல்லும், உண்மைதான். ஆனால் அதற்குள் அவை கக்கிவைத்த நச்சு? ஸ்டாஃபிலோகாக்கஸின் நச்சு கொதிக்கவைத்தாலும் முழுதாக அழியாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் கெட்டிக்காரன். அதன் வித்துகள், அதாவது சூட்டைத் தாங்கும் அதன் உறங்கும் வடிவம், முதல் சமையலிலேயே சாகாமல் தப்பித்து, சோறு ஆறும்போது முளைத்து, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் செய்துவைக்கும். இரண்டாவது முறை சூடுபண்ணும்போது பாக்டீரியா போய்விடும், நச்சு அப்படியே இருக்கும். வெளியில் வைத்த சமைத்த உணவுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை தரும் கெடு இரண்டு மணி நேரம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஆகவே ஈரமான சமையல் வழியில், அதுவும் சீக்கிரம் சாப்பிடுவதற்கு மட்டும் என்பது என் கட்சி.

அப்படியும் கொண்டுபோக வேண்டுமென்றால் உறையவைத்துக் கொண்டுபோங்கள். பிரிட்ஜில் வைத்துக் குளிர்ந்த உணவுக்கும் ஃப்ரீசரில் உறைந்த உணவுக்கும் வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கிலோ தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குச் சூடேற்ற 21 கிலோஜூல் போதும். ஆனால் ஒரு கிலோ பனிக்கட்டி 0 டிகிரியிலேயே நின்றபடி உருகித் தண்ணீராவதற்கு மட்டும் 334 கிலோஜூல் வேண்டும். இதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். வெளியிலிருந்து வினாடிக்கு 10 ஜூல் வெப்பம் கசிந்து வரும் ஒரு குளிர்காப்புப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீர் 35 நிமிடத்தில் 5 டிகிரியைத் தொட்டுவிடும். பனிக்கட்டியோ முழுதாக உருகவே ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். உணவு முழுவதும் தண்ணீர் இல்லை என்பதால் நேரம் சற்றுக் குறையும், ஆனால் விகிதம் இதேதான். தட்டையாக உறையவைத்து, இடைவெளி இல்லாமல் அடுக்கி, நடுவில் திறந்து பார்க்காமல் இருந்தால் ஒரு பகல் பயணம் தாங்கும். கெடுதல் செய்யும் தண்ணீர் காவல் காப்பது இந்த ஒரு நிலையில்தான்.

எண்ணெயில் வேறொரு சிக்கல். எண்ணெயிலும் கொட்டைகளிலும் பாக்டீரியாவுக்கு வேலை இல்லை. ஆக்ஸிஜன்தான் அவற்றைச் சிக்கடிக்க வைக்கும். காற்றை உறிஞ்சி அடைத்த வேக்குவம் பை அதற்கு நல்லது. ஆனால் ஈரமான சமையலை வேக்குவம் பையில் அடைத்துவிட்டுக் கெடாது என்று நம்பிவிடாதீர்கள். உயிரையே பறிக்கும் நச்சைச் செய்யும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும். கடைகளில் கிடைக்கும், அறை வெப்பத்திலேயே வைத்துக்கொள்ளக்கூடிய அலுமினிய உறைச் சாப்பாடு ஈரமாக இருந்தும் கெடாததற்குக் காரணம், மூடிய பிறகு அதை அழுத்தத்தில் 121 டிகிரி அளவுக்குச் சூடாக்கி அந்தப் பாக்டீரியாவின் வித்துகளையும் கொன்றிருக்கிறார்கள் என்பதுதான். வீட்டில் பையை மட்டும் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு வராது.

விமானத்துக்கு வருவோம். பறக்கும்போது பயணிகள் அறையில் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்கு இறங்கும். 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் நிற்பதைப் போல. சாமான் அறையிலும் இதே அழுத்தம்தான். டப்பாவுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். உறுதியான மூடியாக இருந்தால் தாங்கும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவாக இருந்தால் காற்று மூடியின் விளிம்பு வழியே தப்பிக்கும்போது முன்னால் நிற்கும் குழம்பையும் தள்ளிக்கொண்டு வரும். அப்புறம் பெட்டியில் உள்ள சட்டை எல்லாம் மஞ்சள். காற்றை முடிந்தவரை வெளியேற்றிவிட்டு மூடுவதும், இரண்டாவது பை ஒன்றைப் போடுவதும் இதற்காகத்தான். உலர்ந்த பொருளுக்கு இந்தக் கவலையே இல்லை; பாக்கெட் உப்பிக்கொள்ளும், இறங்கியதும் மறுபடி சுருங்கும்.

கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி, திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று 2006 ஆகஸ்டில் லண்டனில் அம்பலமானதைத் தொடர்ந்து வந்தது. தண்ணீராக ஓடாவிட்டாலும் ஜாம், தேன், தயிர், நிலக்கடலை வெண்ணெய் எல்லாம் இந்தக் கணக்கில் திரவம்தான். புதிய ஸ்கேனர் வைத்த சில விமான நிலையங்கள் வரம்பைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் நடுவில் விமானம் மாறும் இடத்தில் பழைய விதி இருக்கலாம். கட்டி சீஸ், சாக்லேட் போன்றவற்றை ஏன் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள் என்று சிலர் எரிச்சல்படுவதுண்டு. எக்ஸ்ரே திரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற லேசான தனிமங்களால் ஆனவை ஆரஞ்சு நிறத்திலும், உலோகங்கள் நீல நிறத்திலும் தெரியும். உணவும் வெடிபொருளும் ஏறக்குறைய ஒரே தனிமங்களால் ஆனவை. அடர்த்தியான ஆரஞ்சுக் கட்டியைப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் பையைத் திறக்கச் சொல்லத்தான் செய்வார்.

இதுவரை தண்ணீர் இல்லையென்றால் கவலையில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். போய் இறங்கும் நாட்டின் எல்லையில் இந்தக் கணக்கு செல்லாது. உங்கள் வயிற்றைப் பற்றி அங்கே யாரும் கவலைப்படுவதில்லை. தங்கள் நாட்டு மாடு, பன்றி, பயிருக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. வைரஸ் உணவில் வளர்வதில்லை, வெறுமனே காத்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் தேவையில்லை. உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி மனிதனுக்குப் பாதுகாப்பான உணவு. ஆனால் அதற்குள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். மனிதனுக்கு அது ஒன்றும் செய்யாது. கடித்து மிச்சம் வைத்த துண்டு குப்பை வழியாக ஒரு பன்றியின் வாய்க்குப் போனால் போதும். அந்த நோய் 2007-இல் ஜார்ஜியா நாட்டுக்கு வந்தது கப்பலின் உணவுக் கழிவு வழியாக என்றுதான் கருதுகிறார்கள். 2018-இல் சீனாவையே எட்டிவிட்டது. பிரிட்டனில் 2001-இல் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டிவந்தது. அது தொடங்கியது, சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையில் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து போகிறவர்கள் பொதுவாக இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகக் கூடாது என்ற விதி இதனால்தான். 2021 ஜனவரியில், பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு முழுதாக விலகிய முதல் சில நாட்களில், கப்பலில் வந்திறங்கிய ஓட்டுநர்களின் சாண்ட்விச்சை நெதர்லாந்து சுங்கத்தார் வாங்கி வைத்துக்கொண்டது தொலைக்காட்சியில் வந்தது. பலர் சிரித்தார்கள். 2025-இல் ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா நாடுகளில் கோமாரி நோய் வந்ததும், ஏப்ரலில் பிரிட்டனே ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகளின் இறைச்சிக்கும் சீஸுக்கும் தடை போட்டது.

தாவரங்களிலும் இதே கதை. 2019 டிசம்பரிலிருந்து, வெளியிலிருந்து வரும் பழத்துக்கும் காய்க்கும் ஐரோப்பிய ஒன்றியம் தாவர நலச் சான்றிதழ் கேட்கிறது. அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சை ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பழத்துக்குள் பழ ஈயின் புழு இருக்கலாம் என்பது புரிகிறது. உலர்ந்த தானியத்தில் என்ன இருக்கிறது? காப்ரா வண்டு. ஈரமே இல்லாத தானியத்திலும் வாழக்கூடியது. அதன் புழு சாப்பாடே இல்லாமல் வருடக்கணக்கில் மடிப்புக்குள் ஒளிந்து கிடக்கும். இதற்குப் பயந்துதான் ஆஸ்திரேலியா 2020-இல் தொடங்கி அரிசி, கொண்டைக்கடலை, உலர் மிளகாய் போன்றவற்றைப் பயணிகளின் பெட்டியில் தடுத்துவிட்டது. வயிற்றுக்கு ஆகச் சிறந்த பெட்டி, எல்லையில் ஆக மோசமான பெட்டியாகிவிடலாம்.

இதற்கு ஒரே வழி, எழுதிக்கொடுப்பது. உணவு இருக்கிறது என்று படிவத்தில் சொன்னால், ஆகாத பொருளைக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம், நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர். மறந்துவிட்டேன் என்ற பதில் எடுபடாது. மோப்பத்துக்கு நாய்கள் இருக்கின்றன. அமெரிக்கா 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள் நாய்களை இந்த வேலைக்கு இறக்கியது.

வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்த பிறகு, விட்டுவிட்டு வந்த தண்ணீரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அந்த ஊர்த் தண்ணீர் நம் வீட்டுத் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளாது. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். மலை வீட்டில் 92 டிகிரியில் கொதிக்கும் தண்ணீரில் பருப்பு நேரமெடுத்துத்தான் வேகும். அதைவிட அதிகம் தொல்லை கொடுப்பது கடின நீர். அதில் உள்ள கால்சியம், பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. எவ்வளவு நேரம் வைத்தாலும் பருப்பு மசியாமல் கல்லாக நிற்கும். பழி பருப்பின் மேல் விழும். அந்த வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள். காரத்தன்மை பெக்டினை இளக்கிவிடும். சிட்டிகைக்கு மேல் போனால் சோப்பு ருசி வந்துவிடும்.