சிவப்புக் கோடு விழாத ஆங்கிலப் பிழைகள்

பாடசாலை விடுகைப் பத்திரத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்கூல் லீவிங் சேர்ட்டிபிக்கேட்’ என்று பெயர். என்னிடம் வரும் தட்டச்சுப் பிரதிகளில் அது அடிக்கடி ‘லிவிங் சேர்ட்டிபிக்கேட்’ ஆகிவிடுகிறது. எல், ஐ, வீ என்று தொடங்கினால் வாழ்வது. எல், ஈ, ஏ, வீ என்று தொடங்கினால் விட்டுப் போவது. முகவரி எழுதும்போது இதே பிழை திரும்பி நிற்கும்: பரந்தனில் வசிக்கிறேன் என்று சொல்ல வந்தவர் ‘லீவிங்’ என்று எழுதியிருப்பார். இத்தனைக்கும் குறில் நெடில் நமக்குப் புதிதா? விதிக்கும் வீதிக்கும் உள்ள வித்தியாசம் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும். வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே இந்தப் பிழை போய்விடும்.

நான் கிளிநொச்சியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகள், காணிக் கடிதங்கள், வெளிநாட்டு விண்ணப்பங்களோடு போகும் கடிதங்கள் எல்லாம் வரும். பலர் கடையில் தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதத்தையும் சரிபார்க்கத் தருவார்கள். “அண்ணை, கொம்பியூட்டர் ஒரு சிவப்புக் கோடும் போடேல்லை, சரியாத்தான் இருக்கும்” என்பார்கள். அங்கேதான் சிக்கல். சிவப்புக் கோடு அகராதியில் இல்லாத சொல்லுக்குத்தான் விழும். சொல் அகராதியில் இருந்து, இடம் மட்டும் பிழைத்தால் கோடு விழாது. புதிய மென்பொருள்கள் இவற்றிலும் சிலதைப் பிடிக்கின்றன. எல்லாவற்றையும் அல்ல.

காது கைகொடுக்காத ஒரு வகைப் பிழையும் உண்டு. எஸ் ஒலியும் இஸட் ஒலியும் ஆங்கிலத்தில் வேறு வேறு. தொண்டையில் விரலை வைத்துச் சொன்னால் இரண்டாவது அதிரும், முதலாவது அதிராது. தமிழில் இந்தப் பிரிப்பு இல்லாததால் இரண்டும் நமக்கு ஒன்றாகவே கேட்கின்றன. அடையாள அட்டை தொலைந்து பொலிஸ் முறைப்பாடு எழுதும்போது ‘லூஸ்’ என்ற சொல்லுக்கு இரண்டு ஓ போடுவது இதனால்தான். ஒரு ஓ போட்டால் தொலைப்பது, இரண்டு ஓ போட்டால் தளர்வாக இருப்பது. நடந்து முடிந்ததைச் சொல்வதென்றால் இரண்டுமே வேண்டாம், ‘லொஸ்ட்’ என்பதே சரி. ஆலோசனைக்கான ‘அட்வைஸ்’ பெயர்ச்சொல்லாக வந்தால் சி, வினைச்சொல்லாக வந்தால் எஸ். சாரதி அனுமதிப்பத்திரத்தின் ‘லைசன்ஸ்’, பயிற்சிக்கான ‘பிராக்டிஸ்’ இரண்டுக்கும் பிரித்தானிய எழுத்துமுறையில் இதே கணக்குத்தான். அதனால் ‘அட்வைஸ்’ ஒன்றை நினைவில் வைத்தால் மற்ற இரண்டும் கூடவே வந்துவிடும்.

இந்த எஸ், இஸட் குழப்பத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறொரு சோடி. தகப்பனார் இறந்துவிட்டார் என்று எழுதவேண்டிய கட்டத்தில் ‘டிசீஸ்ட்’ என்ற சொல் வரவேண்டும். டி, ஈ, சி, ஈ என்று அது தொடங்கும். டி, ஐ, எஸ் என்று தொடங்கினால் நோயுற்றவர் என்று பொருள். ஒரே விண்ணப்பத்தில் ஒரு பக்கம் நோயாளி, இணைப்பில் அவருடைய இறப்புச் சான்றிதழ். வாசிக்கும் அதிகாரி என்ன நினைப்பார்?

வன்னியில் இந்தக் கட்டத்தோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. ‘தந்தை உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா’ என்று படிவம் கேட்கும். ஆளுக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல், இரண்டில் எதையும் எழுத முடியாத குடும்பங்கள் இங்கே ஏராளம். தட்டச்சு செய்பவர் அவசரத்தில் இறந்துவிட்டார் என்று அடித்துவிட்டால், அந்த வீட்டார் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒன்றில் கையெழுத்து வைத்ததாக ஆகிவிடும். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ‘சேர்ட்டிபிக்கேட் ஒப் அப்சன்ஸ்’ பெற வழி இருக்கிறது. ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. அந்தச் சான்றிதழை வைத்திருப்பவரின் விண்ணப்பத்தில் இறப்பைக் குறிக்கும் எந்தச் சொல்லும் வரக்கூடாது.

‘மிஸ்ஸிங்’, ‘டிசப்பியர்ட்’ என்ற இரண்டும் ஒன்றல்ல. முதலாவது காணாமற்போனவர். இரண்டாவதை ‘ஃபோர்சிப்ளி’ என்ற அடையோடு எழுதினால் வலிந்து காணாமலாக்கப்பட்டவர். காணாமலாக்கப்பட்டவர்களைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய தாய்மாருக்கு இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றுபவர்தான் கவனிக்கவேண்டும். தமிழ்க் கடிதத்தில் ‘காணாமலாக்கப்பட்ட’ என்று தெளிவாக இருக்கும்போது அதை ‘மிஸ்ஸிங்’ என்று மாற்ற எனக்கு உரிமையில்லை. படிவத்தில் அச்சிட்ட சொல் ‘மிஸ்ஸிங்’ என்றிருந்தால் அதை அப்படியே விட்டு, இணைப்புக் கடிதத்தில் குடும்பத்தின் சொல்லை எழுதுவது என் வழக்கம்.

அடுத்தது காணி. உறுதிக் காணி, பெர்மிட் காணி என்று இங்கே எல்லோரும் சரியாகத்தான் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் எல்லாம் ‘டீட்’ ஆகிவிடும். நொத்தாரிசு எழுதிய உறுதிக்கே அந்தச் சொல். 1935-ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் ‘பெர்மிட்’, அதற்குப் பிறகு கிடைக்கும் அளிப்பு ‘கிராண்ட்’. ஜயபூமி, சுவர்ணபூமிப் பத்திரங்கள் அளிப்பு வகை. விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் இவற்றில் கட்டுப்பாடுகள் உள்ளதால், வெளிநாட்டுத் தூதரகத்துக்குச் சொத்து விபரம் கொடுக்கும்போது மாற்றி எழுதினால் இல்லாத உரிமையைச் சொன்னதாக ஆகும். கடன் கடிதங்களில் ‘லெண்ட்’ கொடுப்பது, ‘பொரோ’ வாங்குவது. நமக்குக் கடன் என்ற ஒரே சொல்லோடு வாங்கு, கொடு சேர்த்தால் போதும் என்பதால் இது எளிதில் குழம்பும். வட்டி நீங்கலான முதலுக்கும் பாடசாலை அதிபருக்கும் ஒரே ‘பிரின்சிபல்’தான், ஏ, எல் என்று முடியும். எல், ஈ என்று முடிந்தால் கொள்கை. அதிபரைக் கொள்கையாக்கிய கடிதங்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.

மற்றவை சின்னவை. காசோலையில் நாற்பதை எழுதும்போது யூ வராது, பதினான்கில் வரும். நன்றியுள்ள என்ற பொருளில் வரும் ‘கிரேட்ஃபுல்’, பெரிய என்ற ‘கிரேட்’டிலிருந்து பிறந்ததல்ல, அதனால் ஜி, ஆர், ஏ, டி என்றுதான் தொடங்கும். ‘ரிசீட்’டில் ஒலிக்காத பி ஒன்று கடைசி எழுத்துக்கு முன்னால் இருக்கிறது, லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் செருகியது. எழுதுபொருளான ‘ஸ்டேஷனரி’யில் ஈ வரும், அசையாமல் நிற்பதற்கு ஏ. இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் கடை போட்டிருந்த புத்தக வியாபாரியின் பெயரிலிருந்து வந்தது எழுதுபொருள் சொல்.

சிவப்புக் கோடு சரியான சொல்லுக்கும் விழும், இது எதிர்ப்பக்கத் தொல்லை. ‘கலர்’, ‘லேபர்’ போன்றவற்றில் யூ போட்டு எழுதுவதே நம் நாட்டு வழக்கு. நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி அமெரிக்காவில் அந்த யூவை நீக்கிய எழுத்துமுறையை உறுதிப்படுத்தியது. கணினியின் மொழி அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால் சரியாக எழுதியதும் பிழையாகத் தெரியும். கடைக்காரரிடம் சொல்லி ‘யூகே’ என்று மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

பெயர்களுக்கு அகராதியே கிடையாது. வன்னி என்ற பெயரையே வீ போட்டும் எழுதுகிறார்கள், டபிள்யூ போட்டும் எழுதுகிறார்கள். ஒட்டுசுட்டான் என்ற ஊர்ப்பெயரின் டகரத்துக்கு இரட்டை டி (dd) போடுவது நம் பக்கத்து வழக்கு. புதுக்குடியிருப்பில் எத்தனை கே என்று ஆளுக்கு ஆள் மாறும். ஆள் பெயர் என்றால் கடவுச்சீட்டில் உள்ள எழுத்தையே எல்லாக் கடிதத்திலும் போடுகிறேன், அது காதுக்கு எவ்வளவு பிழையாகப் பட்டாலும். அதனால் மொழிபெயர்க்க வரும்போது பிறப்புச் சான்றிதழோடு கடவுச்சீட்டின் பிரதியையும் கொண்டு வாருங்கள். கடவுச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால் அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.