மசோதா ‘தாக்கல்’ ஆன அன்றே அதைச் சட்டமாக்கிவிடாதீர்கள்

கூட்டத்தொடர் தொடங்கினால் போதும், சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு அட்டை வந்துவிடுகிறது: ‘நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் நிறைவேறியது, உடனே பகிரவும்’. மக்களவையின் அலுவல் பட்டியலைத் திறந்து பார்த்தால் அந்த மசோதா அன்றைக்கு அறிமுகம் மட்டும் ஆகியிருக்கும். நாடாளுமன்றச் செய்தியைத் தமிழில் தருகிறவர்கள் இதை எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த தொடரில் அதே தவறு வேறு மசோதாவின் பெயரில் வருகிறது. சொத்து, ஓய்வூதியம், வழக்கு என்று வாழ்க்கை முடிவுகளை இந்த அட்டைகளை நம்பி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்தமுறை விரிவாகவே எழுதுகிறேன்.

பாதிக் குழப்பம் ‘தாக்கல்’ என்ற சொல்லில் இருக்கிறது. அமைச்சகத்தின் ஆண்டறிக்கையை அவையின் மேசையில் வைத்தாலும் தாக்கல் என்கிறோம். எம்.பி.க்கள் அடங்கிய நிலைக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தாலும் தாக்கல். பட்ஜெட்டும் தாக்கல், மசோதா அறிமுகமும் தாக்கல். பகல் 12 மணிக்குக் கேள்வி நேரம் முடிந்ததும் மக்களவையில் அமைச்சர்கள் வரிசையாக எழுந்து ஆவணங்களை வைப்பார்கள். அதில் எதன்மீதும் வாக்கெடுப்பு கிடையாது, யாரும் எதையும் ‘நிறைவேற்றவில்லை’. செய்தி எழுதும் நண்பர்களே, தயவுசெய்து ‘அவையில் வைக்கப்பட்டது’, ‘அறிமுகம் செய்யப்பட்டது’, ‘நிறைவேறியது’ என்று பிரித்து எழுதுங்கள். தலைப்பில் இரண்டு சொல் கூடினால் கூடட்டும்.

மசோதா அறிமுகம் என்றால் என்ன? ‘இந்த மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி தாருங்கள்’ என்று அமைச்சர் அவையைக் கேட்கிறார். எதிர்க்க விரும்பும் உறுப்பினர் மக்களவை நடைமுறை விதி 72-ன்படி எதிர்க்கலாம். பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பிலேயே அனுமதி கிடைத்துவிடும். அது முதல் வாசிப்பு. அதற்குப் பிறகு மசோதா நிலைக்குழுவுக்கோ, இரு அவை உறுப்பினர்களும் இருக்கும் கூட்டுக்குழுவுக்கோ போகலாம், போகாமலும் இருக்கலாம். இரண்டாம் வாசிப்பில் பொது விவாதமும், பிறகு ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தங்களின் மீது வாக்கெடுப்பும் நடக்கும். மூன்றாம் வாசிப்பில் ‘நிறைவேற்றலாம்’ என்ற தீர்மானம். இதே பாதையை மறு அவையிலும் கடக்க வேண்டும். வரி, அரசு நிதி தொடர்பான பண மசோதா மட்டும் விதிவிலக்கு. மாநிலங்களவை அதைப் பரிந்துரையோடு 14 நாளில் திருப்பித்தர வேண்டும், அவ்வளவுதான். பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல், அரசிதழ் வெளியீடு. அதோடும் முடியவில்லை. பல சட்டங்களின் முதல் பிரிவிலேயே ‘மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்’ என்று இருக்கும். அந்த அறிவிக்கை வரும்வரை சட்டம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

2024 டிசம்பர் 17-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான 129-வது அரசியல் சாசனத் திருத்த மசோதாவைச் சட்ட அமைச்சர் அர்ஜுன் ராம் மேக்வால் அறிமுகம் செய்த நாள். எதிர்க்கட்சிகள் டிவிஷன், அதாவது வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டன. அனுமதிக்கு ஆதரவாக 269, எதிராக 198. அன்று மாலை இரண்டுவிதமான செய்திகள் பரவின. ஒன்று ‘ஒரே நாடு ஒரே தேர்தல் நிறைவேறியது’. இன்னொன்று ‘மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காததால் மசோதா தோற்றது’. இரண்டுமே தவறு.

மூன்றில் இரண்டு பங்கு எங்கே தேவைப்படுகிறது என்று பாருங்கள். சாசனத்தின் 368-வது பிரிவு கேட்பது அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதோடு வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. மசோதாவைப் பரிசீலனைக்கு எடுக்கும்போதும், ஒவ்வொரு பிரிவின் மீதும், கடைசியில் நிறைவேற்றும்போதும் இந்தக் கணக்கு வரும். அறிமுகத்துக்கான அனுமதிக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அன்று வாக்களித்தவர்கள் 467 பேர், அதில் மூன்றில் இரண்டு 312. 269 அதற்குக் குறைவு என்பது கூட்டல் கழித்தலில் சரி, நடைமுறையில் அன்றைக்குப் பொருத்தமே இல்லாத கணக்கு. அந்த மசோதா பிறகு 39 உறுப்பினர் கூட்டுக்குழுவுக்குப் போனது. அன்று அவை எடுத்த முடிவு ‘இதை அறிமுகம் செய்யலாம்’ என்பது மட்டுமே.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குற்றவியல் சட்டங்களைவிட நல்ல பாடம் இல்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா மசோதா அறிமுகமானது. அன்று இரவே ‘இனி 302-வது பிரிவு என்றால் கொலை இல்லை, பறிப்புக் குற்றம்; கொலைக்குத் தண்டனைப் பிரிவு 101’ என்று பட்டியல் போட்டுப் பரப்பினார்கள். அந்த மசோதா நிலைக்குழுவுக்குப் போனது, டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. டிசம்பர் 12 அன்று வந்தது வேறொரு மசோதா. அதை டிசம்பர் 20-ல் மக்களவையும் 21-ல் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 25-ல் ஒப்புதல் கிடைத்து 2023-ன் 45-வது சட்டமானது. அதில் கொலைக்கான தண்டனைப் பிரிவு 103, பறிப்புக் குற்றம் 304. ஆகஸ்டில் மனப்பாடம் செய்த எண்கள் எதற்கும் உதவவில்லை. இன்னும் அந்தப் பழைய பட்டியலைப் பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டக் கல்லூரி மாணவர்களே பகிர்வதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஒப்புதல் வந்த பிறகும் அது அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1 அன்றுதான். அப்போதும் 106-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவை விட்டுவிட்டே அறிவிக்கை வெளியானது. விபத்தில் ஒருவர் இறக்கக் காரணமாகி, தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற பிரிவு அது. லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் போராடியது இதற்காகத்தான். ஆக, இரு அவையிலும் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்பமிட்ட சட்டத்துக்குள்ளேயே ஒரு பிரிவு அமலாகாமல் நிற்க முடியும். மகளிர் இட ஒதுக்கீடும் அப்படித்தான். 2023 செப்டம்பர் 20-ல் மக்களவையில் 454-க்கு 2, மறுநாள் மாநிலங்களவையில் 214-க்கு 0 என்று நிறைவேறியது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே பொருந்தும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருக்கிறது. 2024 தேர்தலில் ‘எங்கே 33 சதவீதம்?’ என்று கேட்டவர்கள் அந்தப் பிரிவைப் படிக்கவில்லை.

தனிநபர் மசோதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெள்ளிக்கிழமைகளில் இரண்டரை மணி நேரம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அமைச்சர் அல்லாத உறுப்பினர் யார் வேண்டுமானாலும் கொண்டுவரலாம். ‘மத்திய அரசு புதிய மசோதா’ என்று அதைப் போடாதீர்கள். அப்படிக் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமானது கடைசியாக 1970-ல். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியதே பெரிய நிகழ்வு. அதுவும் மக்களவையைத் தாண்டவில்லை.

அடுத்தது கேள்வி நேரம். மக்களவையில் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் பகல் 12 முதல் 1 வரை. மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230. நட்சத்திரக் குறி இருந்தால் அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். குறி இல்லாவிட்டால் எழுத்தில் மட்டும். ஒரு மணி நேரத்தில் 20 கேள்வியும் முடிவது அபூர்வம். எட்டாமல் போனவற்றின் பதிலும் அன்றே எழுத்தில் வந்துவிடும். ‘அமைச்சர் பதில் சொல்லாமல் நழுவினார், எழுத்தில் கொடுத்தார்’ என்று எழுதுகிறவர்கள் எந்த வகைக் கேள்வி என்று முதலில் பாருங்கள். எழுத்துப் பதிலின் இணைப்பில்தான் மாநிலவாரியான புள்ளிவிவரம் இருக்கும். எங்கள் தொழிலில் அதுதான் தங்கம்.

இன்னொரு கேடு, கேள்வியையே அரசின் திட்டமாகப் பகிர்வது. ‘ஓய்வு வயதை உயர்த்தும் யோசனை அரசிடம் உள்ளதா? ஆம் எனில் விவரம் என்ன?’ என்று உறுப்பினர் கேட்டிருப்பார். பதிலில் ‘(அ) இல்லை. (ஆ) கேள்வி எழவில்லை’ என்று ஒரே வரி இருக்கும். பக்கத்தின் மேல்பாதியை மட்டும் படம் எடுத்து அனுப்பினால் அது செய்தி ஆகாது, பொய் ஆகும். கீழ்ப்பாதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளைப் பேசும் பூஜ்ய நேரத்தில் எழுப்பும் விஷயத்துக்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. அவையில் ஆளே இல்லை என்று பகிரும் காலி நாற்காலிப் படங்களுக்கும் இதே எச்சரிக்கை: அவை நடக்கத் தேவையான எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு, மக்களவைக்கு 55 பேர். அது இல்லையென்று யாராவது சுட்டிக்காட்டினால் மணி அடிப்பார்கள். எந்த நேரத்தில், எந்த அலுவலின்போது எடுத்த படம் என்று தெரியாமல் பகிராதீர்கள்.

அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பேச்சு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறேன். தகாத சொற்களை நீக்கும் அதிகாரம் விதி 380-ன்படி மக்களவைத் தலைவருக்கு உண்டு. அச்சுப் பதிவில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் இருக்கும். நேரலையில் கேட்டது, யூடியூபில் இன்னும் கிடக்கிறது என்பதெல்லாம் அதை வெளியிடுவதற்குப் பாதுகாப்பு ஆகாது. பீகார் சட்டமன்றத்தில் நீக்கப்பட்ட பகுதியை வெளியிட்ட சர்ச்லைட் பத்திரிகையின் வழக்கில், அதைத் தடுக்க அவைக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1958-லேயே சொல்லிவிட்டது. அவை நடவடிக்கைகளைப் பற்றிய உண்மையான செய்திக்குச் சாசனத்தின் 361-ஏ பிரிவு காப்புத் தருகிறது. நீக்கிய பகுதிக்கும் அந்தக் காப்பு இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். நீக்க உத்தரவு சில நேரம் பேச்சு முடிந்து பல மணி நேரம் கழித்துத்தான் வரும். சூடான பேச்சு என்றால் இரவில் அவைக் குறிப்பின் பதிவு வரும்வரை காத்திருங்கள்.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் அந்தத் தேதியின் அலுவல் பட்டியலைத் திறந்து, மசோதாவின் பெயர் ‘அறிமுகம்’ என்ற தலைப்பில் இருக்கிறதா, ‘பரிசீலனை மற்றும் நிறைவேற்றம்’ என்ற தலைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் என்பது திட்டம்தான். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் பட்டியலில் உள்ளது நடந்திருக்காது. உண்மையில் நடந்தது, அவை வெளியிடும் ‘புல்லட்டின்’ என்ற அன்றாடக் குறிப்பின் முதல் பகுதியில் இருக்கும். மசோதாவின் பிடிஎஃப் கையில் இருந்தால் முதல் பக்கத்தின் மேல்வரியைப் படியுங்கள்: அறிமுகம் செய்யப்பட உள்ளதா, மக்களவை நிறைவேற்றியதா, இரு அவைகளும் நிறைவேற்றியதா என்று அங்கேயே போட்டிருக்கும். ‘2023-ன் 45-வது சட்டம்’ என்பதுபோல் சட்ட எண் இல்லாமல் மசோதா எண் மட்டும் இருந்தால் அது சட்டம் அல்ல. எண் இருந்தால் அரசிதழ் தளத்தில் அமலாக்க அறிவிக்கையைத் தேடுங்கள், எந்தெந்தப் பிரிவுகளுக்கு என்பதையும் சேர்த்து. அந்தத் தேதி கிடைக்கும்வரை ‘இனிமேல்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைக்காதீர்கள்.