அறுவடையில் விழாத கதிர்: கர்ப்பப்பைப் பாலிப்

தீட்டு நின்று மூன்று வருஷமான என் அத்தைக்குப் போன ஆவணியில் மறுபடி இரத்தம் பட்டது. மார்த்தாண்டம் பக்கம் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை தல்லும் வேலை. விரல்நுனியெல்லாம் அந்தக் கொட்டைப் பாலின் கறை. ‘உடம்புச் சூடு’ என்று ஒரு வாரம் வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். பிறகு ஸ்கேன் கவரை என் மடியில் போட்டு, “கெர்ப்பப்பையில கட்டியாம் மக்ளே, எடுத்துப்போடணுமா?” என்றார்.

ரிப்போர்ட்டில் இருந்தது ‘எண்டோமெட்ரியல் பாலிப், 18 மி.மீ.’ நம் ஊரில் தசைச்சுவரில் வளரும் ஃபைப்ராய்டும் கட்டி, புற்றுநோயும் கட்டி, பாலிப்பும் கட்டி. பாதிப் பயம் இந்த ஒரே சொல்லால் வருகிறது. பாலிப் முளைப்பது கர்ப்பப்பையின் உள்சவ்வில்.

நாஞ்சில் நாட்டு வயலில் வருஷத்துக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். இந்தச் சவ்வில் மாதம் ஒரு போகம். தீட்டு முடிந்ததும் 2 முதல் 4 மி.மீ. கனமே இருக்கும் சவ்வை ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது. அடுத்த தீட்டுக்குள் அது 10 மி.மீ.யைத் தாண்டிவிடலாம். பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து அதைப் பக்குவப்படுத்தும். கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோனும் இறங்க, மேல்சவ்வு உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறும்.

சில சமயம் சவ்வின் ஓர் இடம் மட்டும் ஈஸ்ட்ரோஜனுக்கு வளரும், புரோஜெஸ்டிரோன் சொல்வதைச் சரியாகக் கேட்காது. மற்றதெல்லாம் உதிரும்போது அது நிற்கும், அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் வளரும். தடித்த சுவருள்ள இரத்தக்குழாய் ஒன்று நடுவில் ஓட, காம்பில் தொங்கும் மெத்தென்ற சதையாகிவிடும். காம்பே இல்லாமல் அகல ஒட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. அதன் மேற்பரப்பு புண்ணானால் தீட்டுக்கு நடுவிலும் இரத்தம் படும். ஒரு தொந்தரவும் தராமல் கிடப்பவையும் நிறைய.

தீட்டு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது என்று அத்தை கேட்டார். நல்ல கேள்வி. சினைப்பை ஓய்ந்தாலும், அட்ரீனல் சுரப்பி தரும் ஹார்மோனை உடம்பின் கொழுப்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். உடல்பருமன் உள்ளவர்களுக்குப் பாலிப் அதிகம் வர இது ஒரு காரணம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையும் அப்படித்தான்: மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்யும்.

தீட்டு வருகிறவர்கள் அது முடிந்த சில நாளிலேயே உள்வழி (பிறப்புறுப்பு வழியே) ஸ்கேன் எடுப்பது நல்லது. சவ்வு மெலிந்திருக்கும்போது பாலிப் தனியாகத் தெரியும். மாதக் கடைசியில் தடித்த சவ்வுக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, தொந்தரவும் இல்லை, தீட்டும் நிற்கவில்லை என்றால் பொறுத்துப் பார்க்கலாம். சில தானாகவே மறைகின்றன. இரத்தப்போக்கு இருந்தாலோ, குழந்தைக்காகக் காத்திருப்பவர் என்றாலோ எடுப்பதே வழக்கம். தீட்டு நின்ற பிறகு இரத்தம் பட்டால், ஒரு சொட்டே என்றாலும் டாக்டரிடம் போகக் காத்திருக்கக் கூடாது. அப்படி வரும் பாலிப்புகளில் 100-க்கு சுமார் 5-ல் புற்றணுக்களோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கக்கூடும். அத்தை வெந்தயத்தில் கழித்த அந்த ஒரு வாரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

எடுக்கும் வழி ஹிஸ்டெரோஸ்கோப்பி. 1869-லேயே பாந்தலியோனி என்ற மருத்துவர், இரத்தப்போக்கு நிற்காத 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் குழாய் வழியாகப் பார்த்து, அங்கிருந்த பாலிப்பைச் சில்வர் நைட்ரேட்டால் சுட்டார். இப்போது சில மி.மீ. தடிமனுள்ள கேமராக் குழாய் கர்ப்பப்பை வாய் வழியே போகிறது. வயிற்றில் வெட்டு இல்லை. ஒட்டிக் கிடக்கும் சுவர்களைத் திரவம் விட்டு விரித்து, கண்ணால் பார்த்தபடி காம்பின் அடியில் அறுக்கிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். பார்க்காமல் சுரண்டுகிற டி அண்ட் சி-யில் பாலிப் நழுவி அங்கேயே நின்றுவிடுவது உண்டு.

சாதாரணப் பாலிப்புக்காகக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியதில்லை. ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அது’ என்று பக்கத்துவீட்டார் சொல்வதைக் கேட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் பெண்களைப் பார்க்கையில் மனசு கனக்கிறது.

எடுத்த சதையைச் சின்னக் குப்பியில் ஃபார்மலின் ஊற்றிப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். அத்தை குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உரித்த அண்டிப்பருப்பு அளவுதான். “இதுக்கா மக்ளே ஒரு மாசம் ஒறங்கல்லை” என்றார். சாதாரணப் பாலிப் என்று ரிசல்ட் வந்தது. திரும்ப முளைக்க இடமுண்டு, மறுபடி இரத்தம் கண்டால் உடனே வரணும் என்று டாக்டர் சொன்னதை, அரிசிப்பானைக்கு மேலே தொங்கும் காலண்டரின் பின்பக்கம் என்னை எழுதச் சொன்னார்.