உயிரோடு இருக்கும்போதே ஒரு படம்

எங்கள் ஊரில் ஒரு சாவு விழுந்தால், பந்தல்காரருக்கும் பூக்கடைக்கும் அடுத்தபடியாக ஆள் வருவது என் ஸ்டூடியோவுக்குத்தான். மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும், காரியத்துக்குள் பிரேம் போட்ட படம் வேண்டும். கையில் கொண்டுவருவது பெரும்பாலும் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ். இல்லையென்றால் யாரோ வீட்டுக் காதுகுத்தில் எடுத்த குரூப் போட்டோ; அதில் மூன்றாவது வரிசையில், முன்னால் நிற்பவரின் தோளுக்குப் பின்னே பாதி முகம்.

எதற்காகப் படம் எடுக்கிறீர்கள் என்று தொழில் கற்க வரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. கல்யாணமும் வளைகாப்பும் பிழைப்புக்கு. மனதாரச் செய்வது, வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே உட்காரவைத்து எடுக்கும் படங்கள். அந்த ஜெராக்ஸ் தாள்களைப் பார்த்துப் பார்த்து வந்த பிடிவாதம் இது.

8க்கு 12 அங்குலப் படம் தெளிவாக வர 2400க்கு 3600 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள், வேண்டும். முகம் மட்டுமே மூன்று, நான்கு அங்குலம் அகலம் வரும். அதற்கே ஆயிரம் பிக்சல் ஆகும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறிச் சுருங்கிப்போன குரூப் போட்டோவில் ஒருவர் முகத்துக்கு நூறு பிக்சல் தேறினாலே அதிகம். எந்த லேபிலும் அதை ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது ஏஐ செயலி இருக்கிறதே என்பார்கள். அது மங்கலாக இருப்பதைத் தெளிவாக்குவதில்லை. இல்லாததை ஊகித்து வரைகிறது. ஒரு பையன் தன் பாட்டி படத்தைப் போனிலேயே அப்படிச் செய்து கொண்டுவந்தான். தோல் வழவழவென்று இருந்தது, பல்வரிசை அழகாக இருந்தது. அவன் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அண்ணே, ஆனா எங்கம்மா மாதிரி இல்லையே" என்றார். வலது புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரு தழும்பு அந்தப் பாட்டிக்கு உண்டு. சிறு வயதில் கதிர் அரிவாள் பட்டதாம். செயலி அந்த இடத்தில் முழுப் புருவத்தை வரைந்துவிட்டது. பெற்ற மகள் தேடியது அந்தத் தழும்பைத்தான்.

பெண்கள் நிலைமைதான் இதில் ரொம்ப மோசம். ஆண்களுக்கு வேலை, லைசென்ஸ், பேங்க் என்று ஏதாவது ஒரு படம் தங்கிவிடும். அம்மாவுக்குக் கல்யாண ஆல்பத்தோடு சரி. அப்புறம் எந்த விசேஷத்திலும் அவர் அடுப்படியில் இருப்பார். 1993-இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டைக்கு உத்தரவிட்டது. அதையொட்டி எடுக்க வந்தபோதுதான் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் பலர் முதல்முறையாகத் தனியாகக் கேமரா முன் உட்கார்ந்தார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று முகத்தை மூடிக்கொண்ட தலைமுறை அது. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அதனால்தான் பல வீடுகளில் இருந்தது. நானும் எடுத்திருக்கிறேன். அதைக் கேலி செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்த ஒன்றாவது இருக்கட்டும் என்ற தவிப்பு அது.

ஏற்கெனவே இருக்கும் பழைய படங்களையும் கவனியுங்கள். பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். மழைக்காலத்தில் ஓதம் இறங்கும் வெளிச்சுவரில் படம் மாட்ட வேண்டாம். எழுபது, எண்பதுகளின் கலர் படங்கள் பல சிவப்பேறிக்கொண்டே போகின்றன, அவற்றை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். ஊரில் பழைய ஸ்டூடியோ மூடப்போகிறது என்று கேள்விப்பட்டால் உங்கள் வீட்டு நெகட்டிவ் கிடைக்குமா என்று உடனே போய்க் கேளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களை டிஜிட்டலாக்கும் வேலை நடந்திருக்கிறது. அதற்குள் வராமல் குப்பைக்குப் போனவைதான் அதிகம்.

புதிதாக எடுக்க என்னைப் போன்ற ஆள்கூட வேண்டாம், உங்கள் போன் போதும். காலையில் திண்ணையிலோ வாசல்நடைக்கு உள்ளேயோ, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழும் இடத்தில் உட்காரவையுங்கள். பட்டுப்புடவை தேடாதீர்கள், அன்றாடம் கட்டுவதே போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர் போட்டபடியே இருக்கட்டும். முகத்துக்குக் கிட்டே போனை நீட்டினால் மூக்கு பெருத்துத் தெரியும். ஆறு, ஏழு அடி தள்ளி அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, போன் கேமராவில் 2எக்ஸ் ஜூம் வைத்து எடுங்கள். பியூட்டி பில்டரை அணைத்துவிடுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். அவர் வாழ்ந்த பழைய வீட்டைப் பற்றியோ, வளர்த்த மாட்டைப் பற்றியோ பேச்சுக் கொடுங்கள். முதலில் விறைப்பாகத்தான் இருப்பார். பேச்சில் இறங்கியதும் தோள் தளரும், கை மடியில் தானாக ஒரு பழகிய விதத்தில் கோத்துக்கொள்ளும். அப்போது அழுத்துங்கள். அந்தக் கைகளையும் படத்துக்குள் விடுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புவதானால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், படம் சுருங்காது. போனில் மட்டும் வைத்திராமல் இன்னொரு இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். அப்புறம் லேபில் கொடுத்துப் பளபளப்பில்லாத மேட் பேப்பரில் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். பின்பக்கம் பென்சிலால் அழுத்தாமல் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பாட்டி படமென்றால் 'இன்னார் சம்சாரம்' என்று எழுதாமல், அவர் பெயரையே எழுதுங்கள்.