கரியமில வாயு ‘உரமிடல்’ என்பது சரிதானா?

காற்றில் கரியமில வாயு கூடுவதால் தாவரம் கூடுதலாக வளர்வதைக் குறிக்க, காலநிலை பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் ‘கரியமில வாயு உரமிடல்’ என்ற தொடரைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. சிலர் ‘உரமாக்கல்’ என்கிறார்கள், சிலர் ‘உர விளைவு’ என்கிறார்கள். புல்வெளிச் சூழலியல் பற்றி எழுதுவோர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கையாள்கிறார்கள். காற்றில் கரியமில வாயு பெருகினால் புல்வெளிக்கு உரம் கிடைத்ததுபோல என்று வாசகர் புரிந்துகொண்டு போகிறார். அந்தப் புரிதல் தவறு. தவறு வாசகருடையதன்று, சொல்லுடையது.

இதைவிட மோசமாக ‘கார்பன் டை ஆக்சைடு கருத்தரித்தல்’ என்றும் உலவுகிறது. ஆங்கிலத்தில் ஃபெர்டிலைசேஷன் என்ற ஒரே சொல் கருவுறுதலையும் குறிக்கும், எருவிடுதலையும் குறிக்கும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அதோடு அதை விட்டுவிடலாம். நம் வழக்கு ‘உரமிடல்’ மேல்தான்.

முதலில் பொருள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இலை இந்த வாயுவைத் தன் துளைகள் வழியாக உள்ளே எடுக்கிறது. அங்கே அதைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கும் நொதி ருபிஸ்கோ. அது சில நேரம் ஆளை மாற்றி ஆக்சிஜனைப் பிடித்துவிடும், உழைப்பு வீணாகும். கரியமில வாயு கூடினால் இந்தத் தவறு குறையும், ஒளிச்சேர்க்கை கூடும். இன்னொன்றும் நடக்கிறது. தேவையான வாயு எளிதில் கிடைப்பதால் இலைத்துளைகள் முன்போல அகலத் திறப்பதில்லை. அந்தத் துளை வழியாகத்தான் நீரும் ஆவியாகப் போகிறது என்பதால், நீர்ச்செலவு மிச்சமாகி மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். வறண்ட புல்வெளிகளில் இந்த இரண்டாவது வழியே பெரிது. இவை இரண்டும் சேர்ந்து தாவரம் கூடுதலாக வளர்வதற்குத்தான் இந்தப் பெயர்.

இனி வேர். லத்தீனில் ஃபெர்ரே என்றால் சுமத்தல், தாங்குதல். அதிலிருந்து ஃபெர்டிலிஸ், விளைச்சலைத் தாங்குவது. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது காய்ப்பு. தமிழ் ‘உரம்’ வேறு இடத்திலிருந்து வருகிறது. அதன் முதற்பொருள் வலிமை, திண்மை. நெஞ்சுரம், உரம் பாய்ந்த உடல் என்கிறோம். ‘உரனென்னும் தோட்டியான்’ என்று குறள் சொல்வதும் அந்த வலிமையைத்தான். நிலத்துக்கு இடுவதைக் குறள் ‘எரு’ என்கிறது: ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’. நிலத்துக்கு வலு சேர்ப்பதால் எருவும் பின்னாளில் உரமாயிற்று. கரியமில வாயு என்பது ‘கார்பானிக் அமில வாயு’ என்ற பழைய வேதியியல் பெயரின் நேர்பெயர்ப்பு: கரி, அமிலம், வாயு. ‘கரிய’ நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை மாற்றிக் கரிவளி என வேண்டும் என்போர் உண்டு. நல்ல சொல்தான். ஆனால் பள்ளிப் பிள்ளை வரை தெரிந்த ஒரு சொல்லை இப்போது அசைக்க வேண்டியதில்லை. கெட்டுப்போயிருப்பது தொடரின் பின்பாதி.

உரமிடல் ஏன் ஆகாது? முதற்காரணம் ‘இடல்’. இடுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அடியுரமோ மேலுரமோ, எவ்வளவு, எப்போது, எந்தப் பயிருக்கு என்று கணக்குப் பார்த்து ஒருவர் இடுகிறார். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையைப் புல்வெளிக்கு யாரும் கணக்குப் பார்த்து இடவில்லை. அது ஒரு கழிவு. கழிவு பரவுவதற்கு வேளாண் பணியின் பெயரைச் சூட்டும்போது, பொறுப்பான ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்த காரியமாக அது மாறிவிடுகிறது. நிலக்கரிக்கு ஆதரவாகப் பேசுவோர் ‘கரியமில வாயு தாவரங்களின் உணவு’ என்று எழுதும்போது நாம் கோபப்படுகிறோம். அதையே கலைச்சொல்லாக்கி அவர்கள் கையில் கொடுத்தும் விடுகிறோம்.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. உரம் மண்ணுக்குப் போகும், மண்ணில் இல்லாததைத் தரும். இந்த வாயு மண்ணுக்கு எதையும் தருவதில்லை. மாறாக, கூடுதலாக வளரும் புல் மண்ணிலிருக்கும் நைட்ரஜனைக் கூடுதலாக இழுத்துத் தன் உடம்பிலும் வேரிலும் சருகிலும் கட்டி வைத்துக்கொள்கிறது. ஆண்டுகள் போகப் போக, எளிதில் கிடைக்கும் நைட்ரஜன் குறைந்து, வளர்ச்சியின் வேகமும் தணிவது உண்டு. மண்ணிலிருந்து எடுப்பதற்கு, மண்ணுக்குக் கொடுப்பதன் பெயரை எப்படி வைப்பது?

மூன்றாவது, என் கண்ணில் மிக முக்கியமானது: உரம் என்றால் வலிமை. கரியமில வாயு கூடிய காற்றில் வளர்ந்த புல்லில் மாவுப்பொருளும் நாரும் கூடுகின்றன. நைட்ரஜன் அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு வாய்ப் புல்லிலும் புரதம் குறைகிறது. மாடு தின்பதைச் செரிப்பது அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நைட்ரஜன் வேண்டும். புல்லின் கச்சாப் புரதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவை தளரும். தின்ற நார் கரைய நேரம் பிடிக்கும், வயிறு காலியாகாது, அடுத்த வாய் தின்ன மாட்டுக்கு மனம் வராது. இடுப்பளவு புல்லில் நின்றுகொண்டே மாடு இளைக்கும். வட அமெரிக்காவின் கான்சா புல்வெளியில் வெட்டுக்கிளிகளின் எண்ணிக்கை 20 ஆண்டுகளில் ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் சரிந்ததை ஆய்வாளர்கள் புல்லின் இந்தச் சத்து நீர்த்துப்போதலோடு இணைத்திருக்கிறார்கள். புல் நிறைய இருக்கிறது, தின்பவை குறைகின்றன. இதற்கு உரம் என்று பெயரா? உரம் போனதற்கல்லவா இது பெயர்!

‘எல்லாருக்கும் புரிகிறதே’ என்பது உரமிடலின் ஆதரவாளர்கள் சொல்லும் ஒரே வாதம். புரிகிறது, ஆனால் இல்லாத ஒன்று புரிகிறது. உரம் போட்டால் விளையும் என்ற உறுதி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உண்மையில் அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஒளிச்சேர்க்கை செய்யும் முறையைப் பொறுத்துப் புல்லில் இரு வகை உண்டு. குளிர்ந்த நிலத்தவை பெரும்பாலும் சி-3 வகை. வெப்ப நிலத்தவை பெரும்பாலும் சி-4 வகை, இவை கரியமில வாயுவை இலைக்குள்ளேயே செறித்துக்கொள்ளும் ஏற்பாடு உடையவை. ஆகவே வாயு கூடினால் முதல் வகைக்கே ஆதாயம், இரண்டாவதற்குப் பெரிதாக இல்லை என்பது பாடநூல் கணக்கு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில் 20 ஆண்டுகள் இதைச் சோதித்தார்கள். முதல் 12 ஆண்டுகள் பாடநூல் சொன்னபடியே நடந்தது. அடுத்த 8 ஆண்டுகளில் தலைகீழானது: சி-4 புற்கள் கூடுதலாக வளர்ந்தன, சி-3 புற்களின் ஆதாயம் மறைந்தது. மண்ணில் நைட்ரஜன் கிடைக்கும் விதம் இரு வகைக்கும் வேறுவேறாக மாறிப்போனதோடு இதை இணைக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தின் வறண்ட புல்வெளியில் வாயுவை 600 பங்குக்கு உயர்த்தி, வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தபோது, மண் ஈரம் காப்பாற்றப்பட்டு சி-4 புற்களே செழித்தன. இப்படி இடத்துக்கு இடம், பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறுவதை ‘உரமிட்டாயிற்று’ என்று முடித்துவிட முடியாது.

மாற்றாக முன்வைக்கப்படும் சொற்களும் சரியில்லை. ‘ஊட்டம்’ என்பது உரமிடலைவிடக் கெடுதல், ஏனெனில் இங்கே குறைவது ஊட்டம்தான். ‘வளமூட்டல்’ மீண்டும் மண்ணை நினைவூட்டுகிறது. ‘செறிவூட்டல்’ நல்ல சொல், ஆனால் அதன் இடம் வேறு. குழாய் பதித்து, திறந்தவெளியில் வாயுவின் அளவை வேண்டுமென்றே உயர்த்திச் செய்யும் சோதனைக்குச் செறிவூட்டல் என்றே சொல்ல வேண்டும். அங்கே ஊட்டுகிற ஆள் உண்டு. அந்தச் சோதனையில் தாவரம் காட்டும் விளைவுக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும்.

நான் சொல்வது ‘தழைப்பு’. கரியமில வாயுத் தழைப்பு. தழைத்தல் தன்வினை, இடுகிற ஆளைக் கேட்காது. தழை என்பது இலை, ஆகவே கண்ணுக்குத் தெரியும் பசுமை கூடியதை மட்டும் சொல்லும். வலிமையையோ சத்தையோ விளைச்சலையோ வாக்களிக்காது. உழவர் மொழியில் நைட்ரஜனுக்குத் தழைச்சத்து என்று பெயர். அதனால் புல்வெளியின் நிலையை ஒரே வரியில் எழுத முடிகிறது: தழை கூடுகிறது, தழைச்சத்து குறைகிறது. இந்த வரியை உரமிடலை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், முடியாது.

தழைத்தல் மங்கலச் சொல்லாயிற்றே, குலம் தழைக்க என்று வாழ்த்துகிறோமே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழில் களையும் தழைக்கும். அந்தப் பொருளும் இங்கே தேவைப்படுகிறது, ஏனென்றால் புல்வெளியில் புல் மட்டும் தழைப்பதில்லை.

மேய்ச்சல் வந்து சேர்வது இங்கேதான். புல்லின் வளர்நுனி தரையை ஒட்டி இருக்கிறது, இலைத்தாளும் அடியிலிருந்தே நீள்கிறது. மாடு கடித்த பின் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு தாளைப் பார்த்தால், கடிபட்ட மொட்டை நுனி அப்படியே மேலே ஏறிவருவது தெரியும். செடிக்கும் மரக்கன்றுக்கும் நுனியில் உயிர், புல்லுக்கு அடியில் உயிர். அதனால் அளவான மேய்ச்சலைப் புல் தாங்கும், சில இடங்களில் அதனாலேயே தளிர் மிகுந்து நிற்கும். மூத்திரமும் சாணமும் நைட்ரஜனை விரைவாக மண்ணுக்குத் திருப்பித் தருகின்றன. புல்வெளிக்கு உரமிடுவது உண்மையில் யார் என்று கேட்டால், அந்த மாடுதான். மேய்ச்சல் அளவை மீறினால் புல்லின் வேர் சுருங்கும், தீப்பிடிக்கப் போதுமான காய்ந்த புல் இராது. தீ குறைந்தால் மரக்கன்றுகள் தப்பும். கரியமில வாயு அதே கன்றுகளை வேகமாக வளர்த்து, அடுத்த தீ எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிடும். மேய்ச்சலும் வாயுவும் ஒரே பக்கம் தள்ள, புல்வெளி புதர்க்காடாகிறது. தீயின் பங்கு எவ்வளவு என்பதற்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளி சாட்சி. அங்கே 1960களில், மான்களையும் தாக்கிவந்த மாட்டுக்கொள்ளை நோய் ஒழிந்ததும், சில லட்சமாக இருந்த வைல்டுபீஸ்ட் மான்கள் 1970களின் இறுதிக்குள் பத்து லட்சத்தைத் தாண்டின. புல் மேயப்பட்டது, தீ குறைந்தது, மரங்கள் பெருகின.

இந்த நிகழ்வுக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மர ஆக்கிரமிப்பு’. ஆக்கிரமிப்பு பட்டா நிலத்துக்கும் புறம்போக்குக்கும் உரிய சொல், அதில் குற்றம் செய்தவர் உண்டு. தமிழில் ‘புதர் மண்டுதல்’ என்ற உயிருள்ள வழக்கு இருக்கும்போது வருவாய்த் துறைச் சொல் எதற்கு? புதர் மண்டிப்போன புல்வெளி என்றால் கேட்டவுடன் கண்முன் வருகிறது. மேயும் விலங்குகளை ‘மேய்ச்சல்காரர்கள்’ என்று எழுதி மனிதராக்குகிறார்கள். தழை கடிக்கும் ஆட்டையும் ஒட்டகச்சிவிங்கியையும் ‘உலாவிகள்’ என்று எழுதியதும் உண்டு, கணினியில் பிரௌசர் என்ற அதே ஆங்கிலச் சொல்லுக்கு உலாவி என்று பெயர் என்பதற்காக. மேய்வன, தழை கடிப்பன என்று எழுதினால் போதும். புதர் மண்டிய இடத்தில் மேய்வன பட்டினி கிடக்கும், தழை கடிப்பன பிழைக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் இந்தத் துறையில் ஒரு பத்திகூட மொழிபெயர்க்க முடியாது.

‘மிகைமேய்ச்சல்’ மட்டும் நல்ல ஆக்கம், எனக்கு அதோடு சண்டையில்லை. அதைப் போடும் இடத்தோடுதான் சண்டை. மூலத்தில் வெறும் மேய்ச்சல் என்று இருக்கும் இடத்திலும் மொழிபெயர்ப்பாளர்கள் மிகையைச் சேர்த்துவிடுகிறார்கள், மேய்ச்சல் என்றாலே கேடு என்ற எண்ணத்தில். ‘ஏரினும் நன்றால்’ குறளின் ‘காப்பு’ என்பதற்குப் பரிமேலழகர் பட்டி (பயிரை மேயும் மாடு) முதலியவற்றால் அழியாமல் காத்தல் என்று உரை சொன்னார். அது வயலுக்குப் பொருந்தும், பயிரை மேய்ந்தால் அழிவுதான். புல்வெளி அப்படியன்று, மேயப்படாமல் விட்டாலும் அது மாறிப்போகும். ஆகவே ‘கரியமில வாயு உரமிடலும் மிகைமேய்ச்சலும் புல்வெளியைப் பாதிக்கின்றன’ என்று வந்திருக்கும் வாக்கியத்தை நான் இப்படித் திருத்துவேன்: ‘கரியமில வாயுத் தழைப்பால் புல் பெருகிச் சத்து குறைகிறது; அங்கே எது தழைக்கும், புல்லா புதரா என்பது மேய்ச்சலின் அளவையும் தீயையும் பொறுத்தது.’