பீடியை விட வேப்பா?

நிலாவெளியில் சீசன் தொடங்கினால் கடற்கரையில் வெள்ளைக்காரர் சிலரின் கையில் பேனை மாதிரி ஒன்று மினுங்கும். தோணியைக் கரைக்கு இழுத்துப்போட்ட அண்ணன் ஒருவர் அதைக் காட்டிக் கேட்டார்: "தம்பி, உதை இழுத்தால் பீடியை விட்டிடலாமாம், மெய்யோ?"

அவர் காட்டியது வேப், அதாவது பற்றரியில் இயங்கும் ஈ-சிகரட். மருத்துவர்களே இன்னும் சண்டை பிடிக்கிற கேள்வி அது.

பீடியில் ஆளைக் கட்டிப்போடுவது நிக்கொட்டின். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. இழுக்கும்போது சிகரட்டின் நுனி ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வரை கொதிக்கும். தாரும் காபனோரொட்சைட்டும் ஆயிரக்கணக்கான இரசாயனங்களும் அந்த எரிப்பில்தான் பிறக்கின்றன. ஈ-சிகரட்டில் நெருப்பு இல்லை. பற்றரி ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்க, நிக்கொட்டின் கலந்த புரொப்பிலீன் கிளைக்கோலும் கிளிசரினும் ஆவியாகி நுண்துளிகளாக நெஞ்சுக்குள் போகின்றன. விறகு எரிவதற்கும் பிட்டு அவிவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிட்டு ஆவியைப் போலச் சுத்தமானதல்ல. சுருள் மிதமிஞ்சிச் சூடானால் அதிலும் போமல்டிகைட்டு என்ற நச்சுப்பொருள் உண்டாகும்.

சரி, விடுவதற்கு அது எப்படி உதவுகிறது? எல்லாம் வேகத்தில் இருக்கிறது. சிகரட்டின் நிக்கொட்டின் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். தோலில் ஒட்டும் நிக்கொட்டின் துண்டு மணிக்கணக்கில் மெதுவாகக் கசியும், அதனால் அந்தத் திடீர்த் தவிப்பை அடக்காது. வேப்போ விரைவாகவே தருகிறது. இழுக்கிற கைப்பழக்கமும் கூடவே கிடைக்கிறது.

பிரித்தானியாவில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த ஆய்வில், ஒரு வருடத்தின் பின் ஈ-சிகரட் குழுவில் 18 வீதத்தினர் புகையை விட்டிருந்தனர். நிக்கொட்டின் துண்டு, நிக்கொட்டின் சுவிங்கம் போன்றவற்றைப் பயன்படுத்திய குழுவில் 9.9 வீதம்தான். இரு குழுவுக்கும் ஆலோசனையும் கிடைத்தது. ஆனால் ஈ-சிகரட்டால் விட்டவர்களில் 80 வீதத்தினர் வருட முடிவிலும் வேப்பை இழுத்துக்கொண்டே இருந்தனர்! மற்றக் குழுவில் விட்டவர்களுள் 9 வீதத்தினரே அப்படி மருந்தைத் தொடர்ந்தனர். என் கணக்கில் சண்டையின் முடிச்சு இதுதான். விட வைக்கிற அதே வேகந்தான் பிடித்தும் வைக்கிறது. புகைப்பவனுக்கு அது இறங்குபடி. ஒருநாளும் புகைக்காத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மாம்பழ வாசத்துடன் வரும் ஏறுபடி.

இலங்கையில் ஈ-சிகரட் விற்பது தடை. ஒளித்து விற்கும் திரவத்தில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் பழுதாகிப் பலர் இறந்தபோது, முக்கியமாக மாட்டியது கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்த வைட்டமின் ஈ அசிற்றேற்று.

அண்ணனுக்கு, புகையை விட உதவும் 1948 என்ற தொலைபேசி இலக்கத்தைச் சொன்னேன். "சுதந்திரம் கிடைச்ச வருசமெல்லோ" என்று சிரித்தார். அப்புறம் பீடிக்கட்டை மடியில் செருகிக்கொண்டு வலையைப் பார்க்கப் போனார்.